பழைய எம்ஜிபி காரை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன். வயது 41. மனைவியும் 4, 8 வயதில் இரண்டு பிள்ளைகளும். அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ் ரக்சி ஓடினவர். அந்தக் காரின் போனற்றுக்குள் தலையை விட்டபடியே வளர்ந்தவன் நான். இப்போது 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. திறந்த கூரை, சிவப்பு நிறம். புதுப் பெயின்ட் அடித்து, கதவுகளுக்குக் கீழே உள்ள சில் இரண்டும் மாற்றியிருக்கிறதாம். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. எம்ஓடி என்கிற வருடாந்த வாகனச் சோதனை இல்லை, இந்த வயதுக் காருக்கு அது தேவையுமில்லை என்கிறார் விற்பவர். வீதி வரி இல்லை, லண்டனில் புகை கூடிய வாகனங்களுக்கு விதிக்கிற யூலெஸ் கட்டணமும் இல்லை. அதனால் என் 2011 டீசல் காரை விற்றுவிட்டு இதிலேயே ஹீத்ரோவுக்கு வேலைக்குப் போய்வரலாம் என்று யோசிக்கிறேன். பிற்காலத்தில் விலை ஏறும், நல்ல முதலீடு என்று நண்பர்களும் சொல்கிறார்கள். மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. பாதுகாப்பில்லாத கார், காசைத் தின்னும் என்கிறார். வீட்டு வாசலில் கார் விட இடம் உண்டு, கராஜ் இல்லை. உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி உங்களுக்குப் பொருந்துகிற கார், வாங்கலாம். ஆனால் டீசல் காரின் இடத்தில் இதை வைக்காதீர்கள். நீங்கள் பார்த்துவைத்திருக்கிற இந்தச் சிவப்புக் காரையும் அடிப்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் இங்கே பழைய பிரிட்டிஷ் கார்களைத் திருத்தியே சீவிக்கிறவன். வாங்கின கையோடு மனம் நொந்து என்னிடம் வருகிறவர்களில் அநேகமானோர் பெயின்டைப் பார்த்து ஏமாந்தவர்கள். எஞ்சினால் ஏமாந்தவர்கள் மிகக் குறைவு.

எஞ்சினைப் பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. உங்கள் அப்பாவின் ஏ55 காரில் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின். எம்ஜிபியில் இருப்பது அதே குடும்பத்தின் 1798 சிசி எஞ்சின். இந்தியாவில் நெடுங்காலம் அம்பாசடரை இழுத்ததும் இந்தக் குடும்பம்தான். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். அவ்வளவையும் தாங்கிய வார்ப்பிரும்பு எஞ்சின் இது. ஒழுங்காக ஒயில் மாற்றினால் நீண்டகாலம் ஓடும். தேய்ந்தாலும் கழற்றிப் புதுப்பிக்கலாம், பாகங்கள் எல்லாம் கிடைக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் ஒயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் எஞ்சினின் அடிப்பகுதி நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டியது உடம்புக்கு. எம்ஜிபிக்குத் தனியாகச் சேசி கிடையாது, உடம்பேதான் சேசி. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற தகரப் பெட்டிதான் சில். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு சில்களும்தான். இங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். ஈரமும் உப்பும் உள்ளே போய், வெளியே ஒன்றும் தெரியாமல் சில்லை உள்ளிருந்தே தின்றுவிடும்.

"சில் மாற்றியிருக்கிறது" என்ற விற்பவரின் சொல்லைத்தான் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும், அவற்றுக்குக் கீழே காசில் ரெயில் என்கிற சட்டம். இதை முறைப்படி மாற்றுவதென்றால் முன்மட்காட்டின் அடியையும் பின்மட்காட்டின் அடியையும் வெட்டித் திறக்க வேண்டும். கதவு வாசல் சுருங்காமல் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டிங் செய்து ஒட்டிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அடுக்காக வெட்டி எடுத்து, புதிது வைத்து ஒட்டி வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்தால் பல ஆயிரம் பவுண்ட் போய்விடும். அந்தக் காசைச் செலவழித்த ஒருவர் குறைந்த விலைக்கு விற்கிறார் என்றால் என் மனம் நம்ப மறுக்கிறது. துருப்பிடித்த பழைய சில்லின் மேல் புதுத் தகடு ஒன்றைச் சாத்தி, ஓரத்தை மட்டும் ஒட்டி, மேலே பெயின்ட் அடிக்கிற வேலை இங்கே தாராளமாக நடக்கிறது. அப்படிச் செய்த காரும் வெளியே பார்க்க அதே வடிவாகத்தான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். முறைப்படி செய்தவர் படம் எடுக்காமல் விட்டிருக்க மாட்டார், கேட்டதும் சந்தோஷமாகக் காட்டுவார். அடுத்தது, கதவைச் சாத்திவிட்டு அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கச் சொல்லிவிட்டு அதே கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கிய நிலையில் இடைவெளி நெருங்கினாலோ கதவு உரசினாலோ அந்தக் கார் நடுவில் வளைகிறது. அதற்குமேல் விலை பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பெயின்ட் கீறாமல் மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சில் நெடுகவும், மட்காட்டின் அடிகளிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூச்சுத்தான் இருக்கிறது.

காருக்கு அடியில் படுத்துப் பார்க்கவும் தயங்காதீர்கள். பின் ஸ்பிரிங் உடம்போடு சேருகிற இடம், கம்பளத்துக்குக் கீழே உள்ள தரைத்தகடு, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பட்டரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 1972 காரில் இரண்டு 6 வோல்ட் பட்டரிகள் அந்தப் பெட்டிகளில் இருந்தன. பலர் பின்னாளில் ஒரு 12 வோல்ட் பட்டரிக்கு மாற்றியிருப்பார்கள், அதில் பிழையில்லை. கம்பிச் சக்கரம் போட்ட கார் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் "டொக்" என்று கேட்டால் சக்கரத்தின் உட்பல் தேய்ந்திருக்கலாம். ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் செய்த ஆண்டு. கட்டை தேயாமல் நிறைய இருந்தாலும் பத்து வருஷம் கடந்த ரயரில் நான் ஓட மாட்டேன்.

எம்ஓடி விஷயத்தில் விற்பவர் சொல்வது சட்டப்படி சரி. 2018 மே 20 முதல், 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத காருக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆனால் ஓடத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், அதிலிருந்து விலக்கு இல்லை. கட்டாயமில்லை என்றாலும் விரும்பிப் போய்ச் சோதிக்கலாம். அரசு வைத்திருக்கிற உச்சக் கட்டணம் 55 பவுண்டைத் தாண்டாது. "நானே காசு தருகிறேன், ஒரு எம்ஓடி செய்து தாருங்கள், பிறகு வாங்குகிறேன்" என்று விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் தரும் பதிலே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இலக்கத்தகட்டு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் பழைய எம்ஓடி முடிவுகளும் வரும். கடைசியாகச் சோதித்த ஆண்டுகளில் சில்லைப் பற்றியோ துருவைப் பற்றியோ எச்சரிக்கை எழுதியிருந்தால், அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று அதே இடத்தில் விரலை வைத்துக் கேளுங்கள்.

இனி ஹீத்ரோ. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஹரோவிலிருந்து ஹீத்ரோ தூரம் இல்லை, நெரிசல்தான். இந்தக் காரில் கிளச்சை அமுக்கும்போது அழுத்தம் வாங்குகிற பேரிங் கரியால் ஆனது. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளச்சை அமுக்கியபடி நிற்க நிற்க அது தேய்ந்துகொண்டே இருக்கும். மற்றப் பல கார்களில் கியர்பெட்டியை மட்டும் இறக்கிக் கிளச் மாற்றலாம். எம்ஜிபியில் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ஆகவே சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள், அது எப்போதும் நல்ல பழக்கம். ஆனால் காலையும் மாலையும் ஊர்ந்துபோகிற வீதியில் பழக்கமும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். அதைவிட முக்கியம் உப்பு. ஜனவரியில் ஒவ்வொரு நாளும் உப்பு வீதியில் ஓடி, கராஜ் இல்லாமல் வாசலில் நிற்கிற எம்ஜிபிக்கு, நல்ல உடம்பாக இருந்தாலும், சில வருஷத்தில் துரு தொடங்கிவிடும். பழைய கார்களுக்கான மலிவான காப்புறுதியும் பல வேளைகளில் வேலைக்குப் போய்வருவதை உள்ளடக்காது, ஓடும் மைலுக்கும் வரம்பு இருக்கும். சொல்லாமல் ஓடி விபத்து நடந்தால் பணம் வராமல் போகலாம்.

யூலெஸ் கணக்கை இப்படிப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹரோவும் அந்த வலயத்துக்குள் வந்துவிட்டது. 2011 டீசல் என்றால் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கு மருந்து எம்ஜிபி இல்லை. 2006க்குப் பிந்திய பெற்றோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு யூலெஸ் கட்டணம் கிடையாது. டீசலை விற்றுச் சின்னதாக ஒரு பெற்றோல் கார் வாங்குங்கள். வேலை, பள்ளிக்கூடம், மழைநாள் எல்லாம் அதில். எம்ஜிபிக்கு வரியும் யூலெஸ் கட்டணமும் இல்லை என்பது உண்மை. வாங்கும்போது பதிவுப் பத்திரத்தில் அது வரலாற்று வாகனம் என்ற பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சியக் கட்டணம் என்றாலும் வருஷாவருஷம் வரியைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய லண்டன் நெரிசல் கட்டணத்துக்கு மட்டும் வயதை வைத்து விலக்கு இல்லை.

பெற்றோல் போடும்போது சுப்பர் வகையைப் போடுங்கள். 2021 செப்டம்பர் முதல் சாதாரண 95 பெற்றோல் இங்கே பத்து சதவீதம் வரை எதனோல் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களையும் இணைப்புகளையும் கெடுக்கும், காரை நிறுத்திவைத்தால் இன்னும் கெடுதல். இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தவை. சிலிண்டர் தலையில் கடினமான வால்வு இருக்கை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோலில் சேர்க்கும் திரவம் வாங்கி ஊற்றினால் சமாளிக்கலாம்.

முதலீடு என்ற பேச்சை மறந்துவிடுங்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அரிய பொருள் அல்ல. விற்ற லாபத்துக்குக் காருக்கு மூலதன வரி இல்லை என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது சரி, ஆனால் வரி கட்டுகிற அளவுக்கு லாபம் வந்தால்தானே? ஒரு எம்ஜிபியை முழுதாகப் புதுப்பிக்க ஆகிற செலவைச் சந்தை திருப்பித் தராது. இதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. இன்னொருவர் காசு கொட்டிப் புதுப்பித்து, படமும் ரசீதும் வைத்திருக்கிற காரை நீங்கள் அவர் செலவழித்ததைவிடக் குறைவாக வாங்கலாம். மலிவான காரை வாங்கித் திருத்துவதைவிட, உங்கள் கைக்கு எட்டுகிற மிக நல்ல காரை வாங்குவதுதான் கடைசியில் மலிவு. என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன், இது உண்மை.

பாகங்கள் கிடைப்பதில் எம்ஜிபியை எந்தப் பழைய காரும் நெருங்க முடியாது. முழு உடம்பையே புதிதாக வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் அதைச் செய்துவருகிறது. கிடைப்பது ஒன்று, தரம் வேறொன்று. இப்போது வருகிற மலிவான ரோட்டர் ஆர்ம், கன்டென்சர் போன்ற இக்னிஷன் பாகங்கள் புதிதாகப் போட்ட கொஞ்ச நாளிலேயே கைவிடுவதை அடிக்கடி காண்கிறேன். வேலை செய்கிற பழைய பாகத்தை, பழையது என்பதற்காகவே கழற்றி எறியாதீர்கள். மாற்றினாலும் கழற்றியதைக் காரிலேயே வைத்திருங்கள். மின்சாரக் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஐம்பது வருஷத்து இணைப்புகளும் துருப்பிடித்த எர்த் முனைகளும்தான். ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பழுப்பு நிற வயர்களில் ஃபியூஸ் இல்லை, பட்டரியிலிருந்து நேரே வருபவை. அதனால் பட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.

அப்பாவோடு போனற்றுக்குள் தலைவிட்டவர் நீங்கள். இந்தக் காரில் வழக்கமான வேலைகள் முழுவதும் உங்கள் கைக்கு அடங்கும். மில்லிமீற்றர்ச் சாவி உதவாது, அங்குல அளவுச் சாவிகள் ஒரு செட் வாங்குங்கள். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள், பிறகு ஸ்ரியறிங் இறுகி அந்தப் பகுதி முழுவதையும் மாற்ற வருகிறார்கள். ஒயில் 20டபிள்யூ-50, பிறேக் திரவம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. காபரேற்றர் இரண்டையும் சமப்படுத்தக் கற்றுக்கொண்டால் நீங்கள் யாரையும் தேடி வரவேண்டியதில்லை. எம்ஜி ஓனர்ஸ் கிளப், எம்ஜி கார் கிளப் இரண்டில் ஒன்றில் சேருங்கள். வாங்குவதற்கு முன்பே சேர்ந்தால் அனுபவமுள்ள ஒருவர் கூடவந்து காரைப் பார்த்துத் தரக்கூடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பயமுறுத்தியிருந்தால், இதையும் கேளுங்கள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடிய, கூரையை மடித்துவிட்டு அமர்ஷாம் தாண்டி வென்டோவர் பக்கம் சில்ற்றன் குன்றுகளுக்குள் போய்ப் பாருங்கள். ஹரோவிலிருந்து பக்கம்தான். இந்தக் கார் இன்றைய கணக்கில் வேகமான கார் அல்ல. மணிக்கு 100 மைலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் தரையோடு ஒட்டிய இருக்கையில் 40 மைலில் ஒரு வளைவை எடுக்கும்போது முன்சக்கரம் என்ன செய்கிறது என்று உள்ளங்கையில் தெரியும். கியர் மாற்றும் கைப்பிடி மணிக்கட்டு அசைவுக்கே போகும். ஓவர்டிரைவ் என்கிற, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியருக்கான சுவிட்ச் உள்ள கார் என்றால், தட்டியதும் எஞ்சின் சத்தம் தணிந்து நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இறங்கும். அதற்காகவே ஓவர்டிரைவ் உள்ள காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வேக வரம்புக்குள் நின்றுகொண்டே ஓட்டுவதன் முழுச் சந்தோஷத்தையும் தருகிற கார் இது. இன்றைய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த நிலைக்கு வர வேண்டுமானால் சட்டத்தை மீற வேண்டும்.

உங்கள் மனைவி, எனக்குத் தங்கச்சி, சொல்வதில் பாதுகாப்புப் பகுதி முற்றிலும் நியாயம். எயார் பாக் இல்லை, சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிறேக் இல்லை. உருண்டால் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில் பெரிய வாகனம் மோதினால் கதவு தடுக்காது. முன்னால் போகிற காருக்கும் உங்களுக்கும் இடையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடம் விடுங்கள், மழையில் இன்னும் கூட. பிள்ளைகளை இருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டில் ஒருநாளும் இருத்தாதீர்கள். அந்தக் காலத்தில் பலர் அப்படிக் கொண்டுபோனார்கள், அதற்காக நாமும் செய்ய முடியாது. கூரையுள்ள எம்ஜிபி ஜிடியில் பின்னால் சின்ன இருக்கை இருக்கிறது. அதிலும் என் பிள்ளைகளை நான் ஏற்ற மாட்டேன். நாலு பேர் சேர்ந்து போகிற கார் இது இல்லை என்பதை வீட்டில் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். காசு விஷயத்தில் தங்கச்சியோடு உட்கார்ந்து பேசி, கார் விலைக்குமேல் தனியாக ஒரு தொகையை ஒதுக்குங்கள். முதல் வருஷம் ரயர், குழாய், பிறேக் என்று அது எப்படியும் தேவைப்படும். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் இந்த வருஷம் வாங்காதீர்கள். அடுத்த வருஷமும் எம்ஜிபி கிடைக்கும்.

கராஜ் இல்லாதது பெரிய தடையில்லை. காற்றுப் போகிற உறை ஒன்று போடுங்கள், பிளாஸ்ரிக் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துருவை வளர்க்கும். குளிர்காலத்தில், வீதி உப்பை மழை கழுவிவிட்ட பிறகு, காய்ந்த நாள் பார்த்து மாதத்தில் இரண்டு தரமாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். வாசலில் நிற்கவைத்து ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். நின்ற காரில் பிறேக் சிலிண்டர் இறுகும், பெற்றோல் கெடும், ரப்பர்கள் காயும்.

வேறு கார்களையும் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. காசு குறைவென்றால் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் நல்லது. தனிச் சேசி, போனற் முழுவதும் முன்னுக்குச் சாய்ந்து திறக்கும், வேலை செய்ய மிக வசதி. டிஆர்6 ஆறு சிலிண்டர், இன்னும் வடிவு. ஆனால் இங்கே விற்ற கார்களின் பெற்றோல் இன்ஜெக்‌ஷனை நன்றாகத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஜாகுவார் ஈ-டைப் வேறு காசுக்காரர் உலகம். எம்ஜிபியிலேயே 1974க்குப் பிந்திய, கறுப்பு ரப்பர் பம்பர் கார்களையும் ஒதுக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்துக்காக உயர்த்திச் செய்தவை என்பதால் வளைவில் கொஞ்சம் சாயும். அதனாலேயே விலை குறைவு. நல்ல உடம்புள்ள ரப்பர் பம்பர் காருக்கும், சில் சந்தேகமான குரோம் பம்பர் காருக்கும் இடையில் தெரிவு வந்தால் நான் ரப்பர் பம்பரைத்தான் எடுப்பேன்.

இந்தச் சிவப்புக் காரை எப்படியும் ஒருதரம் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். காந்தம், டோர்ச், பழைய உடுப்பு கொண்டுபோங்கள். மழை இல்லாத பகல் நேரமாகப் போங்கள், நனைந்த பெயின்டில் ஒன்றும் தெரியாது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜக் போட்டுத் தூக்க விற்பவர் மறுத்தால் முற்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். தூக்கவிட்டு, கதவும் சரியாக மூடினால், அடிப்பக்கத்தையும் சில் வேலை நடந்த படங்களையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு விலையைப் பற்றிக் கதைப்போம்.